மக்காச்சோள ரொட்டி: ஒரு தானியமும் நூறு வீட்டுப் பக்குவமும்

மக்காச்சோளத்துக்கும் மக்கா நகருக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியைச் சிறு வயதில் என் பாட்டியிடம் கேட்டேன். "அங்கேயிருந்து கப்பலில் வந்திருக்கும்டா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்தபோது எங்கள் ஆசிரியர், இதற்குப் பிரெஞ்சில் 'மயிஸ்' என்று பெயர், ஆனால் பழைய நூல்களில் 'ப்ளே த் துர்க்கி' என்று இருக்கும் என்றார். துருக்கிக் கோதுமை என்று பொருள். இத்தாலியர்களும் 'கிரனோ துர்கோ' என்று துருக்கியர் தலையிலேயே கட்டினார்கள். சரி, துருக்கியர் என்ன சொல்கிறார்கள்? 'மிஸிர்' என்கிறார்கள். அவர்கள் மொழியில் எகிப்து நாட்டுக்கும் அதுதான் பெயர். எகிப்தியரைக் கேட்டால் 'துரா ஷாமி', அதாவது சிரியாச் சோளம் என்பார்கள். கிரேக்கர்கள் அரபுக் கோதுமை என்பார்கள். நம் பாட்டி மக்காவைக் காட்டினார். ஆக, ஒவ்வொரு நாட்டாரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள். அரசாங்க அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதைப் போலத்தான் இதுவும். யாருமே தன்னுடையது என்று கையெழுத்துப் போடவில்லை.

உண்மையில் அதன் பிறந்த வீடு மெக்சிகோ. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தெற்குப் பகுதியிலுள்ள பள்ளத்தாக்குகளில் 'தியோசிந்தே' என்ற ஒரு காட்டுப் புல்லை மனிதர்கள் வளர்த்து, பொறுக்கி, மறுபடி விதைத்துச் சிறுகச் சிறுக உண்டாக்கிய பயிர் அது. 1492-இல் கொலம்பஸ் போன பிறகுதான் ஐரோப்பா அதைக் கண்டது. அங்கிருந்து போர்த்துகீசியர் முதலான கடலோடிகள் மூலம் உலகம் முழுக்கப் பரவியது. நம் கம்பு, கேழ்வரகு, வெள்ளைச் சோளம் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்த கடைசி விருந்தாளி இது.

இன்று நான் எழுத வந்தது அந்தத் தானியத்தைக் கொண்டு அமெரிக்காவில் செய்யும் ரொட்டியைப் பற்றி. அங்கே அதைக் 'கார்ன்பிரெட்' என்கிறார்கள். ஒரு ரொட்டியில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இதற்குள் அடிமைகளின் வரலாறும் இருக்கிறது, ஒரு கொடிய நோயின் வரலாறும் இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். புதுச்சேரிக்காரர்களுக்கு ரொட்டி என்றால் நீளமான, மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும் பிரெஞ்சு ரொட்டிதான் நினைவுக்கு வரும். அந்தப் பஞ்சுத்தன்மை கோதுமையிலுள்ள பசையால் வருவது. மாவு இழுபடும், புளிக்கும்போது எழும் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மக்காச்சோள மாவில் அந்தப் பசை இல்லை. எவ்வளவு பிசைந்தாலும் அது உதிரிதான். ஆகவே மக்காச்சோள ரொட்டி என்பது நம் ரொட்டிக்கடை ரொட்டி போல இருக்காது. ஒரு வகை கனமான அடை, இன்னொரு வகை தடித்த தோசை, மற்றொரு வகை கேக் என்று சொல்லலாம். எந்த ஊர், எந்த வீடு என்பதைப் பொறுத்தது.

இதை முதலில் செய்தவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து உண்ணவில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் அதை வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு அம்மியில் அரைத்தார்கள். வடக்கே இருந்த பழங்குடியினர் சுண்ணாம்புக்குப் பதில் விறகுச் சாம்பல் கரைத்த நீரைப் பயன்படுத்தினார்கள். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்க்கத் தெரிந்த நமக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் இந்தச் சுண்ணாம்பு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறேன்.

1607-இல் ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். கொண்டுவந்த கோதுமை அந்த மண்ணில் சரியாக வரவில்லை. பட்டினி கிடந்தார்கள். பக்கத்திலிருந்த பவ்ஹாட்டன் இன மக்களின் மக்காச்சோளம்தான் அவர்கள் உயிரைப் பிடித்து வைத்தது. இன்றும் தெற்கு மாநிலங்களில் கையால் பிடித்துச் சுடும் மக்காச்சோள ரொட்டியைப் 'போன்' என்கிறார்கள். அது அந்தப் பழங்குடியினர் மொழிச் சொல்தான். மக்கள் விரட்டப்பட்டார்கள், சொல் மட்டும் அடுப்படியில் தங்கிவிட்டது.

பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த படியளப்பில் முதலிடம் மக்காச்சோள மாவுக்குத்தான். அடிமையாகப் பிறந்து தப்பியோடி, பின்னர் பெரும் பேச்சாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் இந்தக் கணக்கைச் சொல்கிறார். ஓர் ஆளுக்கு மாதத்துக்கு எட்டு ராத்தல் பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் மக்காச்சோள மாவு. ஒரு புஷல் என்றால் ஏறத்தாழ 35 லிட்டர் அளவு. வயலில் விடியலிலிருந்து இருட்டும்வரை உழைத்துவிட்டு வந்தவர்களுக்குச் சட்டி பானை வைத்துச் சமைக்க நேரம் ஏது? மாவையும் நீரையும் பிசைந்து, அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டு, தூசியைத் தட்டிவிட்டுத் தின்றார்கள். அதற்கு 'ஆஷ் கேக்' என்று பெயர். இரும்புத் தட்டில் சுட்டால் 'ஹோ கேக்'. மண்வெட்டியின் தகட்டில் சுட்டதால் அந்தப் பெயர் என்று சிலரும், 'ஹோ' என்பது அந்நாளில் தட்டையான இரும்புக் கல்லுக்கே வழங்கிய பெயர் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள்.

இனி ஊர் வேறுபாடுகளுக்கு வருவோம். நம் பக்கம் ஒரே சாம்பாரை ஊருக்கு ஊர் வேறு மாதிரி வைப்பதைப் போல, அங்கே இந்த ரொட்டி.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் தீவிலிருந்து தொடங்கலாம். அங்கே இதற்கு 'ஜானிகேக்' என்று பெயர். கெட்டியான வெள்ளை மக்காச்சோளத்தைக் கல்லில் அரைத்த மாவு. கடல்விரிகுடாவின் மேற்குக் கரையில் இருப்பவர்கள் கொதிக்கும் நீரை மாவில் ஊற்றிக் கெட்டியாகக் கரைத்து, அடை மாதிரித் தடிமனாகச் சுடுவார்கள். கிழக்கே நியூபோர்ட் பக்கத்தவர் குளிர்ந்த பாலில் நீர்க்கக் கரைத்து, ஓரம் சரிகை போல மொறுமொறுக்க மெல்லிய தோசையாக வார்ப்பார்கள். ஒரு பக்கத்தார் செய்வதை மறுபக்கத்தார் ஜானிகேக் என்றே ஒப்புக்கொள்வதில்லை! நடுவில் இருப்பது ஒரு விரிகுடாத் தண்ணீர்தான்.

சற்று வடக்கே பாஸ்டன் பக்கம் போனால், மக்காச்சோள மாவு, கம்பரிசி போன்ற 'ரை' என்ற தானியத்தின் மாவு, கோதுமை மாவு மூன்றையும் கலந்து, கரும்புப் பாகு ஊற்றி, தகர டப்பாவில் அடைத்து ஆவியில் வேகவைப்பார்கள். கறுப்பாக, புட்டுக் குழாயிலிருந்து தள்ளியது போல உருளையாக வரும். கோதுமை விலை அதிகமாக இருந்த காலத்துச் சிக்கனம் அது.

வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் 'ஸ்பூன் பிரெட்' உண்டு. பாலும் முட்டையும் தாராளமாகச் சேர்த்து, களி பதத்தில், கரண்டியால் எடுத்து உண்பது. பெயரில்தான் ரொட்டி. டென்னசி, ஜார்ஜியா, அலபாமா போன்ற ஆழ்ந்த தெற்கில் வெள்ளை மக்காச்சோள மாவு, புளித்த மோர், உப்பு, சோடா உப்பு, சிலர் ஒரு முட்டை. அவ்வளவுதான். சர்க்கரை கூடாது. கோதுமை மாவு கூடாது, அல்லது ஒரு கைப்பிடி. கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பைப் புகை வரக் காய்ச்சி, அதில் மாவை ஊற்றினால் 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் ரொட்டியின் அடிப்பகுதி முறுகாது என்பது அவர்கள் சட்டம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தென்மேற்கே டெக்சஸ் போனால் பச்சை மிளகாயும் சீஸும் சேரும். அரிசோனாவில் ஹோப்பி பழங்குடியினர் நீலநிற மக்காச்சோள மாவில் சாம்பல் நீர் சேர்த்துக் கரைத்து, எண்ணெய் தடவிய சூடான கற்பலகையில் வெறுங்கையால் ஒரே இழுப்பில் தடவுவார்கள். காகிதம் போல மெல்லிய தாளாக உரிந்து வரும். அதைச் சுருட்டி வைப்பார்கள். அதற்கு 'பிக்கி' என்று பெயர். அந்தக் கற்பலகையைத் தாய்வழியாகப் பெண்கள் காத்து வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்தபோது ஐந்து மாதம் அங்கே தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பாட்டி ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிறன்று இரும்புச் சட்டியோடேயே ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மேலே பொன்னிறம், அடி கருஞ்சிவப்பு. வெந்த கீரையும் அதன் சாறும் தனியாக ஒரு கிண்ணத்தில். ரொட்டியை உடைத்துக் கீரைச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும் என்று காட்டினார். கேழ்வரகுக் களியைக் கீரைக் குழம்பில் தோய்ப்பது போலவே இருந்தது. எனக்கு அந்த ருசி அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் அவருடைய ரொட்டியில் லேசாக இனிப்பு இருந்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் குடும்பத்தில் செய்ததில் இனிப்பே இல்லை. இதை என் மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "அப்பா, இந்த ஊரில் அரசியல்கூடப் பேசலாம், கார்ன்பிரெட்டில் சர்க்கரை போடலாமா கூடாதா என்று மட்டும் பேசக்கூடாது" என்றாள்.

இந்தச் சர்க்கரைச் சண்டைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பழைய நாளில் தெற்கில் ஊருக்கு ஊர் நீராலை ஒன்று இருக்கும். செடியிலேயே நன்றாக முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தைக் கொண்டுபோய்க் கல் எந்திரத்தில் அரைத்து வருவார்கள். முளைப்பகுதியும் சேர்ந்து அரைபடும். அதில் எண்ணெய்ச் சத்து உண்டு, மணம் உண்டு, இயல்பான இனிப்பும் உண்டு. ஆனால் சில வாரத்தில் சிக்கு வாடை அடித்துவிடும். 1900-ஐ ஒட்டிப் பெரிய ஆலைகள் வந்தன. எஃகு உருளைகள் முளையையும் தவிட்டையும் நீக்கிவிட்டு அரைத்தன. மாவு மாதக்கணக்கில் கெடாது. ரயிலில் ஏற்றி எங்கும் அனுப்பலாம். ஆனால் மணம் போயிற்று, இனிப்பும் போயிற்று. போனதை ஈடுகட்டச் சமையலறையில் சர்க்கரையும், மாவு கூடிவரக் கோதுமையும் சேர்த்தார்கள். சர்க்கரை வேண்டாம் என்பவர் பழைய மாவை நினைத்துப் பேசுகிறார். வேண்டும் என்பவர் தன் தாய் கையிலிருந்த மாவை நினைத்துப் பேசுகிறார். இருவருமே தத்தம் பாட்டிக்கு உண்மையாகத்தான் இருக்கிறார்கள்.

வீட்டுப் பக்குவங்கள் எழுத்தில் ஏறியதும் தனிக் கதை. 1796-இல் அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி எழுதிய நூல்தான் அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் நூல். அதிலேயே ஜானிகேக்குக்குப் பக்குவம் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1881-இல் சான்பிரான்சிஸ்கோவில் வெளியான ஒரு நூல். எழுதியவர் ஏபி ஃபிஷர். எழுதியவர் என்று சொல்வதும் சரியல்ல. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெற்கில் அடிமையாகப் பிறந்தவர், விடுதலைக்குப் பிறகு குடும்பத்தோடு மேற்குக் கரைக்குப் போய்ச் சமையலில் பேர் வாங்கினார். அவர் வாயால் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவரைப் போல லட்சக்கணக்கான பெண்கள் கைப்பக்குவம் அறிந்தவர்கள். ஒருவர் சொன்னது மட்டும்தான் ஒருவர் காதில் விழுந்து தாளில் ஏறியது. மற்றவர்களுடையது இரும்புச் சட்டி வழியாக மகளுக்கும் பேத்திக்கும் போனது. இன்றும் அங்கே பாட்டியின் சட்டி யாருக்கு என்பதில் சண்டை வருவதுண்டு. எண்ணெய் ஏறிக் கண்ணாடி போல் பளபளக்கும் நம் வீட்டுப் பழைய தோசைக்கல்லை எந்த மருமகள் விட்டுக்கொடுப்பாள்?

1930-இல் மிச்சிகன் மாநிலத்தில் 'ஜிஃபி' என்ற பெயரில் கலந்து வைத்த மாவுப் பொட்டலங்கள் வரத் தொடங்கின. பின்னாளில் அதே பெயரில் மக்காச்சோள மாவுக் கலவையும் வந்தது. முட்டையும் பாலும் சேர்த்தால் போதும், சர்க்கரை அதிலேயே இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே பிழைக்கப் போன கறுப்பினக் குடும்பங்கள் 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் தொழிற்சாலை வேலைக்குப் போன தாய்மாருக்கு நீராலை மாவு எங்கே கிடைக்கும்? கிடைத்ததில் செய்தார்கள். அதுவே அவர்கள் பிள்ளைகளுக்குத் தாய் கைமணமாயிற்று.

இப்போது சுண்ணாம்பு விஷயத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பியர் தானியத்தை எடுத்துப் போனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். ஏதோ காட்டு மக்களின் வீண் வேலை என்று எண்ணியிருப்பார்கள். அதற்கான விலையை ஏழைகள் கொடுத்தார்கள். 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர் ஒரு புது நோயைக் கண்டார். வெயில் படும் கை, கால், கழுத்தில் தோல் சிவந்து, கறுத்து, உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலத் தடம் விழும். அதை இன்றும் மருத்துவர்கள் கசால் மாலை என்கிறார்கள். பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. நோயாளிகள் அனைவரும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை உழவர்கள். இத்தாலியில் இதே நோய் பரவியபோது, 1771-இல் ஃப்ராப்போலி என்ற மருத்துவர் அதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயர் வைத்தார். கரடுமுரடான தோல் என்று பொருள்.

பிரான்சிலும் இது இருந்தது. எங்கள் புவியியல் பாடநூலில் 'லாந்த்' பகுதியைப் பற்றி ஒரு படம் இருக்கும். சதுப்பு நிலத்தில் மேய்ப்பர்கள் நீண்ட மரக்கால்களின் மேல் நின்று ஆடு மேய்ப்பார்கள். பொய்க்கால் குதிரை பார்த்த எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் உண்டது என்ன என்று பாடத்தில் இல்லை. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 'க்ருஷாத்' என்ற மக்காச்சோளக் களி, 'மெத்யூர்' என்ற மக்காச்சோள ரொட்டி. 1829-இல் ஜான் அமோ என்ற மருத்துவர் அந்தப் பகுதி மக்களிடம் பெல்லாக்ராவைக் கண்டு எழுதினார். 1857-இல் ஒரு சட்டம் போட்டு அந்தச் சதுப்பு நிலங்களை வடித்துப் பைன் மரக்காடுகளாக்கினார்கள். வாழ்வு மாறி, உணவும் மாறியபோது நோய் மறைந்தது. கிழக்கே ப்ரெஸ் பகுதியில் வறுத்த மக்காச்சோள மாவில் 'கோத்' என்ற கஞ்சி காய்ச்சுவார்கள். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு 'வாந்த்ர் ழோன்', அதாவது மஞ்சள் வயிற்றுக்காரர்கள் என்று பட்டப்பெயர். ஆனால் அவர்கள் பாலோடு சேர்த்து உண்டார்கள். பால் அவர்களைக் காத்தது.

அமெரிக்கத் தெற்கில் இந்த நோய் 1906-ஐ ஒட்டிப் பெரிதாக வெடித்தது. முன்னோர்களும் மக்காச்சோளம்தானே தின்றார்கள், இப்போது ஏன்? பருத்திக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. நிலச்சொந்தக்காரர்கள் குத்தகைக்காரனின் வாசற்படி வரை பருத்தி போடச் சொன்னார்கள். தோட்டம் போட இடமில்லை, மாடு கட்ட இடமில்லை. கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கியது மூன்று பொருள்தான்: கொழுப்பு இறைச்சி, மக்காச்சோள மாவு, கரும்புப் பாகு. அந்த மாவும் முளை நீக்கிய ஆலை மாவு. பஞ்சாலைக் கூலிகள் நிலையும் இதுவே. ஆயிரக்கணக்கில் நோயில் விழுந்தார்கள். தொற்றுநோய் என்று பயந்து மருத்துவமனைகள்கூட அவர்களைச் சேர்க்கத் தயங்கின.

1914-இல் அரசாங்கம் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. ஹங்கேரி நாட்டிலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர் மனநோய் விடுதிகளுக்கும் அநாதை இல்லங்களுக்கும் போய்ப் பார்த்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் இருக்கிறது, அவர்களோடு பழகும் ஊழியர்களுக்கு இல்லை. தொற்று என்றால் ஊழியரை விடுமா? சாப்பாட்டில்தான் வேறுபாடு என்று பிடித்தார். 1915-இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையில், தாமாக முன்வந்த கைதிகளுக்குத் தெற்கத்தி ஏழையின் சாப்பாட்டை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தார். விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்திருந்தார். இறுதிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய் கண்டது. அப்போதும் நம்ப மறுத்தார்கள். நோயாளிகளின் இரத்தத்தையும் உரிந்த தோலையும் தம் உடலிலேயே செலுத்தியும் விழுங்கியும் காட்டினார் அவர், மனைவியும் நண்பர்களும் உடன் சேர. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தெற்கத்தித் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கிருமி என்றால் யார் மேலும் பழியில்லை. வறுமை என்றால் பழி தம் மேல் வரும். கோல்ட்பெர்கர் 1929-இல் காலமானார். 1937-இல் கான்ராட் எல்வேயெம் என்ற ஆய்வாளர்தான் குறைபட்ட சத்து நியாசின் என்ற வைட்டமின் என்று காட்டினார். மக்காச்சோளத்தில் அந்தச் சத்து இருக்கிறது, ஆனால் உடம்புக்குக் கிட்டாதபடி பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு நீர்தான் பூட்டைத் திறக்கும் சாவி. மெக்சிகோக் கிழவிகளுக்குக் காரணம் தெரியாது, காரியம் தெரிந்திருந்தது. அந்த ஒரு படி விட்டுப்போனதால் அமெரிக்கத் தெற்கில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தக்காணத்தில் வெறும் வெள்ளைச் சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளிடமும் பெல்லாக்ரா இருந்தது. அதை ஹைதராபாத்தில் ஆராய்ந்து 1960-இல் எழுதியவர் நம் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். சோளத்திலுள்ள லியூசின் என்ற பொருள் மிகுந்து போவது இதற்குக் காரணமாகலாம் என்றார். நூறு வயதைக் கடந்து 2019-இல் மறைந்தார்.

எங்கள் தலைமுறைக்கு மக்காச்சோளம் வேறு வழியாகவும் வந்தது. காமராசர் 1956-இல் சென்னை மாநிலத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1960-களில் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பு அதற்கு மக்காச்சோள மாவும் பால்பவுடரும் அனுப்பியது. எல்லைக்கு அப்பால் கடலூர் பக்கத்துக் கிராமத்தில் படித்த என் அத்தை மகன் அந்த மஞ்சள் உப்புமாவைத் தின்று வளர்ந்தவன். நான் பிரெஞ்சுப் பள்ளியில் 'வெர்ப்' மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரத்தில் அவன் தட்டேந்தி வரிசையில் நின்றான். "அது இருந்ததால்தான் பள்ளிக்கூடம் போனேன், இல்லாவிட்டால் மாடு மேய்த்திருப்பேன்" என்று இன்றும் சொல்வான். அமெரிக்காவில் அடிமைக்குப் படியாக அளந்த அதே மாவு, இங்கே ஒரு பையனைப் பள்ளியில் உட்கார வைத்தது. மாவில் நன்மை தீமை இல்லை. அளப்பவர் மனத்திலும், கூட என்ன சேர்க்கிறோம் என்பதிலும்தான் இருக்கிறது.

ஜார்ஜியாப் பாட்டியிடம் கேட்டுவந்த பக்குவத்தை இங்கே தருகிறேன். அவர் அளவுக்கோப்பை வைத்துக்கொள்வதில்லை. கையால் அள்ளிப் போட்டார், பக்கத்தில் நின்று என் மகள் ஒவ்வொன்றையும் அளந்து குறித்தாள்.

ரவை பதத்தில் அரைத்த மக்காச்சோள மாவு இரண்டு கப். கடையில் 'கார்ன்ஃப்ளார்' என்று வெள்ளை வெளேரென்று விற்பது இதற்கு ஆகாது, அது வெறும் மாச்சத்து. காய்ந்த மக்காச்சோளத்தை நம் மாவு மில்லிலேயே கொடுத்து அரைத்துக்கொள்வது நல்லது. புளித்த கெட்டி மோர் ஒன்றரைக் கப், ஒரு முட்டை, உப்பு ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி. பாட்டி சர்க்கரை இரண்டு தேக்கரண்டி போட்டார். பன்றிக் கொழுப்புக்குப் பதில் நான் நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி விடுகிறேன். எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து மாவில் கலந்துவிட்டு, மீதியைக் கனமான இரும்புச் சட்டியில் நன்றாகக் காய்ச்ச வேண்டும். மாவை ஊற்றினால் சத்தம் வர வேண்டும். ஓவன் இருந்தால் 220 டிகிரியில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். இல்லாவிட்டால் தட்டுப் போட்டு மூடிச் சிறு தீயில் கால் மணி நேரம் வேகவிட்டு, அடை மாதிரித் திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். முருங்கைக்கீரைச் சாற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சர்க்கரையை விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் தெற்கத்தி வெள்ளைக்காரர் பக்குவம் ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் உப்புமாவைச் சாப்பிட்டவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அதில் என்ன தாளித்தார்கள், உங்கள் பள்ளியில் கெட்டியாக இருந்ததா, கஞ்சியாக இருந்ததா என்று நினைவிருந்தால் எழுதுங்கள். கடலூர் பக்கம் கடுகும் காய்ந்த மிளகாயும் மட்டும்தான் என்கிறான் என் அத்தை மகன். விழுப்புரத்தில் படித்த நண்பர் ஒருவர் வெங்காயமும் போட்டார்கள் என்று சத்தியம் செய்கிறார்.